எதிர்வீட்டு உத்தமர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கம் மட்டும் இல்லையென்றால் நம் லிஃப்ட்காரர் எப்போதோ சந்நியாசம் வாங்கிக்கொண்டு போயிருப்பார். வாரம் முழுக்க அடுக்குமாடிக் கட்டடங்களில் நட்ட நடுவில் நின்றுபோன லிஃப்டுகளுக்குள் தலையை விட்டு, கையெல்லாம் கிரீஸ் அப்பிக்கொண்டு, உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் வசவும் வாங்கிக்கொண்டு வருகிற மனுஷன். சனிக்கிழமை வரைக்கும் அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பதே அந்தத் தூக்கத்துக்காகத்தான். தலைக்கு ஒரு தலையணை, காலுக்கு ஒரு தலையணை, அப்புறம் குறட்டை. அந்தக் குறட்டைக்கு எதிர் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும் என்று அவர் மனைவி சொல்வாள். அவள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். ஆனால் கண்ணாடி அதிர்வது உண்மை.

வீட்டில் குழந்தை பிறந்தது. எல்லாருடைய தூக்கமும் போயிற்று, இந்த ஒரு தூக்கத்தைத் தவிர. தகராறே அங்கேதான் ஆரம்பம்.

"ஏங்க."

"ம்."

"தூங்கிட்டீங்களா?"

"தூங்கிட்டேன்."

"தூங்கினவர் எப்படிப் பதில் சொல்றீங்க?"

"நீ கேட்டா சொல்லித்தானே ஆகணும்? அந்தப் பயம் தூக்கத்துலயும் போகல."

"ஒரே ஒரு சந்தேகம். கேட்டுட்டுப் போயிடறேன். நீங்க ஞாயித்துக்கிழமை தூங்கறீங்க. நான் எந்தக் கிழமை தூங்கறது?"

லிஃப்ட்காரர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். மனைவி கட்டில் ஓரத்தில் நின்றிருந்தாள். தோளில் மகாராணி. இன்னும் பல் முளைக்கவில்லை, அதற்குள் இந்த வீட்டின் சட்டம் ஒழுங்கு மொத்தமும் மகாராணி கையில். மனைவி முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். ஏப்பம் வரவில்லை. வாராமல் விட்ட தலையில் சீப்பு மட்டும் சொருகியிருந்தது. வாரப் போய் பாதியில் குழந்தை அழுதிருக்கும்.

மனைவிக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கொள்முதல் பிரிவில் வேலை. கட்டுத்துணியிலிருந்து கட்டில் வரைக்கும் வாங்கிப் போடுவது அவள்தான். இப்போது பிரசவ லீவில் இருந்தாள். அவளுக்குக் கோபமே வராது, குரலை உயர்த்தவே மாட்டாள். இந்த மாதிரிப் பெண்களிடம்தான் ஐயா ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கத்துகிறவர்கள் கத்திவிட்டுப் போய்விடுவார்கள்.

"இதோ பாரு," என்று லிஃப்ட்காரர் எழுந்து உட்கார்ந்தார். "வீடுங்கறது லிஃப்ட் மாதிரி. ஒரு பக்கம் பெட்டி தொங்குது. இன்னொரு பக்கம் அதுக்குச் சமமா எடைக்கல்லு தொங்குது. ரெண்டும் சரியா இருந்தாத்தான் ஓடும். நம்ம வீடு ஓடுதா இல்லையா?"

"ஓடுது."

"அப்போ ரெண்டும் சரியாத்தானே இருக்கு? பாதி நீ, பாதி நான்."

"உங்க பாதி எதுன்னு கொஞ்சம் காட்டறீங்களா? தேடிட்டே இருக்கேன்."

"என்ன இப்படிக் கேட்டுட்டே? குப்பையை யார் கொண்டு போய்க் கொட்டறது?"

"நீங்கதான்."

"பால் வாங்கிட்டு வர்றது?"

"நீங்கதான்."

"சாயந்திரம் வந்ததும் குழந்தையைக் கொஞ்சறேனே, அது?"

"கொஞ்சறது வேலையா?"

"பின்னே? கை வலிக்குதுல்ல?"

"அப்போ நான் கொஞ்சினா?"

"அது பாசம்."

அதற்கு மகாராணி பெரிதாக ஓர் ஏப்பம் விட்டாள்.

லிஃப்ட்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்கப்பா என்னைத் தூக்கினதே கிடையாதாம், தெரியுமா? எங்க மேஸ்திரிக்கு மூணு புள்ளைங்க. இன்னிக்கு வரைக்கும் எது எந்த வகுப்புன்னு அவருக்குத் தெரியாது. உன் அண்ணனையே எடுத்துக்கோ. தண்ணி குடிக்கணும்னாக் கூட அண்ணியைத்தான் கூப்பிடுவார். இவங்க பக்கத்துல என்னை நிறுத்திப் பாரு. நான் தங்கம்!"

"அவங்க பக்கத்துல நின்னா தங்கம்தாங்க. என் பக்கத்துல நின்னு பாருங்களேன்."

"உன் பக்கத்துல எதுக்கு நிக்கணும்? நீ அம்மா. நான் அப்பா. ஆம்பிளையை ஆம்பிளையோடதான் ஒப்பிடணும். அதுதான் நியாயம்."

இதைச் சொல்லும்போது அவருக்கே தன் வாதம் மிகவும் பிடித்துப்போனது. இன்னொரு முறை சொன்னார். "ஆம்பிளையை ஆம்பிளையோட!"

"சரிங்க," என்றாள் மனைவி.

லிஃப்ட்காரர் திடுக்கிட்டார். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு சீக்கிரம் அவள் சரி என்று சொன்னதே இல்லை. அப்போதாவது யோசித்திருக்க வேண்டாமா? ம்ஹூம்.

"உங்க வழிக்கே வரேன். ஒரு ஆம்பிளையைச் சொல்லுங்க. அவர் செய்யறதைவிட நீங்க ஒரு படி கூடச் செஞ்சா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் இந்த ரூம் பக்கமே நான் வரமாட்டேன். செய்யலைன்னா தூக்கம் எனக்கு. யாரோட ஒப்பிடலாம்? நீங்களே சொல்லுங்க."

லிஃப்ட்காரர் தாடையைச் சொறிந்தார். ஊரிலேயே பெரிய சோம்பேறியாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும். உடனே ஒரு முகம் வந்து நின்றது. எதிர் வீட்டுக் கண்ணாடிக்கடைக்காரர்! மூக்குக்கண்ணாடி விற்கிற கடை வைத்திருப்பவர். அவர் வீட்டிலும் ஒரு கைக்குழந்தை, பையன். அந்த மனுஷன் படி இறங்கும்போது அவர் மனைவி பின்னாலேயே ஓடி வந்து, கைக்குட்டையும் சாவியும் கொடுத்து, சட்டைக் காலரையும் சரி செய்து அனுப்புவதை லிஃப்ட்காரர் தன் கண்ணால் பார்த்திருக்கிறார்.

"எதிர் வீட்டுக்காரர்," என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் சொல்றேன். அவரேதான்."

அன்றைக்கு அவர் தூங்கிய தூக்கத்துக்கு எதிர் வீட்டுக் கண்ணாடி உடையாததே பெரிய விஷயம்.

செவ்வாய்க்கிழமை காலை. காபியை வைத்துவிட்டு மனைவி சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"எதிர் வீட்டுல அவர்தான் குழந்தையைக் குளிப்பாட்டறாராம்."

காபி புரையேறியது. "யாரு?"

"கண்ணாடிக்கடைக்காரர்."

"அவரா? அவருக்கே அவங்க வீட்டுக்காரம்மாதான் குளிப்பாட்டி விடறாங்களோன்னு நான் நினைச்சுட்டிருக்கேன்!"

"எனக்கென்ன தெரியும்? அவங்க சொன்னாங்க."

லிஃப்ட்காரர் எழுந்து போய் வாசல் கதவில் இருக்கும் சின்னக் கண்ணாடித் துவாரத்தில் கண்ணை வைத்தார். எதிர் வீட்டுக் கதவு மூடியிருந்தது. உள்ளேயிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தமும் ஒரு குழந்தை வீறிடும் சத்தமும், கூடவே ஓர் ஆண் குரலும் கேட்டன. "ஐயோ, சோப்பு! சோப்பு கண்ணுல போயிடுச்சா? ராஜா, ராஜா, அழாதடா!"

சந்தேகமே இல்லை. அவரேதான்.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார் லிஃப்ட்காரர். "வெந்நீர் எங்கே?"

எத்தனையோ மாடிக் கட்டடத்தில் ஒரு கம்பியைப் பிடித்துத் தொங்கியவர் அவர். அப்போதெல்லாம் தடுமாறாத பிடி, சோப்புப் போட்ட மகாராணியிடம் தடுமாறியது பாருங்கள்! பிடித்தால் வழுக்குகிறாள். இறுக்கிப் பிடித்தால் அலறுகிறாள். கழுத்துக்குக் கை கொடுத்தால் கால் நழுவுகிறது. காலைப் பிடித்தால் தலை சாய்கிறது. குளித்து முடித்தபோது மகாராணி பாதியும் அவர் முழுதும் நனைந்திருந்தார்கள். ஆனால் கடைசியாக ஒரு குவளை தண்ணீரை முதுகில் ஊற்றினபோது அவள் அவர் முகத்தைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தாள். லிஃப்ட்காரருக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. கூடவே ஒரு குழப்பமும் வந்தது. இது இப்போது வேலையா, சந்தோஷமா? எந்தக் கணக்கில் சேர்ப்பது? யாரிடம் கேட்பது?

"ஒரு படி கூடச் செய்யணும்ல?" என்றாள் மனைவி, துண்டை நீட்டிக்கொண்டே. "இப்போ சமமாத்தான் ஆச்சு."

அன்று முதல் பிடித்தது சனி. ஒரு படி கூட ஏறுவதற்காக அவர் பால் பாட்டில்களைக் கழுவிக் கொதிக்க வைக்க ஆரம்பித்தார். மறுநாளே செய்தி வந்தது. "எதிர் வீட்டுலயும் அவர்தான் பாட்டில் கொதிக்க வைக்கறாராம். குழந்தைத் துணியையும் அவரே துவைக்கறாராம்." லிஃப்ட்காரர் துவாரத்தில் கண்ணை வைத்தார். வராந்தாக் கொடியில் குட்டிக் குட்டித் துணிகளை உதறி உதறிப் போட்டுக்கொண்டிருந்தார் கண்ணாடிக்கடைக்காரர். கிளிப் எல்லாவற்றையும் வாயில் கவ்விக்கொண்டிருந்தார்.

இவரும் துவைத்தார். துவைத்ததோடு நில்லாமல் இஸ்திரியும் போட்டார். குழந்தையின் இடுப்புத் துணிக்கு இஸ்திரி போட்ட முதல் தகப்பன் உலகத்தில் அவராகத்தான் இருப்பார். ஒரே நாள். எதிர் வீட்டுக் கொடிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த துணியெல்லாம் கத்தி மடிப்போடு இருந்தது!

"அந்த ஆளு மனுஷன்தானா?" என்று குமுறினார் லிஃப்ட்காரர். "கடைக்கு எப்போ போறாரு? எப்போ சாப்பிடறாரு?"

"நல்ல மனுஷர்ங்க. தடுப்பூசி எப்போ போடணும்னு தேதியெல்லாம் அவரே ஞாபகம் வெச்சுக்கறாராம். அவங்க கேட்கவே வேணாமாம்."

"ஞாபகம் வெச்சுக்கறது ஒரு வேலையா?"

"வேலை இல்லையா? சரி. நம்ம பொண்ணுக்கு அடுத்தது எப்போங்க?"

லிஃப்ட்காரர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். ஊரில் உள்ள எல்லா லிஃப்டுக்கும் எண்ணெய் போடும் தேதி அவருக்கு மனப்பாடம். இது தெரியவில்லை. அவமானமாகப் போய்விட்டது. அதையும் மனப்பாடம் பண்ணினார். அதோடு மகாராணியின் சட்டை எப்போது சின்னதாகும், பவுடர் எப்போது தீரும் என்பதெல்லாம் மண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. சனிக்கிழமை லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு வக்கீல், "என்னய்யா, எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கத்த, "பால் குடிச்சு முடிச்சதும் தூக்கிடலாம் சார்," என்று பதில் சொன்னார்.

எதிர் வீட்டுக்காரரைப் படியில் பார்க்கும்போது அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டி நிறுத்துகிற இடத்துக்காக இரண்டு பேருக்கும் ஏற்கெனவே ஒரு முறைப்பு. தலையை மட்டும் ஆட்டிக்கொள்வார்கள். இப்போது அதுவும் நின்றுபோனது. விசித்திரம் என்னவென்றால், அவரும் இவரைக் கடித்துத் தின்பதுபோலத்தான் பார்த்தார். செய்வதையும் செய்துவிட்டு முறைப்பு வேறா? இந்தப் பெரிய உத்தமனுக்கு என்ன திமிர் பார் என்று பல்லைக் கடித்தார் லிஃப்ட்காரர். ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்தான். ஆனால் ஓர் ஆம்பிளை இன்னோர் ஆம்பிளையிடம், "நீங்க ஏன் சார் துணி துவைக்கறீங்க?" என்று எப்படிக் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாப்பிட்டுக் கை கழுவித் தலையணையைத் தட்டிப் போட்டார் லிஃப்ட்காரர். அதில் தலை படுவதற்குள் "ஏங்க," என்றாள் மனைவி.

"நான்தான் எல்லாம் செஞ்சுட்டேனே! ஒரு படி இல்ல, ஒரு மாடியே கூட!"

"இல்லைன்னு சொல்லலையே. தூங்குங்க. அவர் என்னமோ மத்தியானம் குழந்தையைத் தூக்கிட்டு மொட்டை மாடிக்குப் போறாராம். அவங்க கொஞ்சம் கண் அசரட்டும்னு. அது அவர் இஷ்டம். நீங்க தூங்குங்க."

தூங்குங்க என்று அவள் சொன்ன தோரணையில் எவனாவது தூங்க முடியுமா? லிஃப்ட்காரர் புரண்டார். இந்தப் பக்கம் புரண்டார், அந்தப் பக்கம் புரண்டார். கடைசியில் எழுந்து, "குடு அவளை!" என்று மகாராணியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு படியேறினார்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் இன்னோர் ஆள் தோளில் குழந்தையோடு ஆடி ஆடி நின்றுகொண்டிருந்தார். கண்ணாடிக்கடைக்காரர்! கண்ணுக்குக் கீழே கருவளையம். சட்டையில் பால் கறை.

"வந்துட்டீங்களா?" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு. "உங்களால என் நிம்மதியே போச்சு சார்!"

"என்னாலயா? உங்களாலதான் சார் என் குடும்பத்துல குழப்பம்!"

"மெதுவா பேசுங்க. பையன் இப்பத்தான் கண் மூடினான்."

"நீங்க மெதுவா பேசுங்க. எங்க வீட்டுல இன்னும் மூடவே இல்ல."

ஆகவே சண்டை முழுக்கக் கிசுகிசுப்பாகவே நடந்தது. இரண்டு பேரும் ஆடுவதையும் நிறுத்தவில்லை.

"ஒரு தகப்பன் செய்யற வேலையா சார் இது? குழந்தைத் துணிக்கு இஸ்திரி!" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"நீங்களும்தான் சார் போட்டீங்க!"

"நீங்க போட்டீங்கன்னுதான் நான் போட்டேன்!"

"சரி, அதை விடுங்க. குளிப்பாட்டறதை ஆரம்பிச்சது யாரு?"

"நீங்க!"

"நானா? நீங்கதான் குளிப்பாட்டறீங்கன்னு எங்க வீட்டுல சொன்னாங்க. கதவுகிட்ட நின்னு கேட்டேன். சோப்பு சோப்புன்னு கத்தினீங்களே!"

"கத்தினேன். அன்னிக்குத்தான் சார் முதல் தடவை. குழந்தை பிறந்ததுலேர்ந்து நீங்க குளிப்பாட்டறதா எங்க வீட்டுல சொன்னாங்க."

"எந்தக் கிழமை சொன்னாங்க?"

"செவ்வாய்."

"எனக்கும் செவ்வாய்."

"காலையிலயா?"

"காபி குடிக்கும்போது."

"எனக்கும் காபி குடிக்கும்போதுதான் சார்..."

இரண்டு பேரும் ஆடுவதை நிறுத்தினார்கள். உடனே இரண்டு குழந்தைகளும் சிணுங்கின. மறுபடியும் ஆடினார்கள்.

லிஃப்ட்காரர் யோசித்தார். அவர் குளிப்பாட்டினது நான் குளிப்பாட்டினதைக் கேட்டு. நான் குளிப்பாட்டினது அவர் குளிப்பாட்டினதைக் கேட்டு. அப்படியானால் முதலில் குளிப்பாட்டினது யார்? தலை சுற்றியது. எதிரே நின்றவருக்கும் அதே இடத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தது என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"சார்," என்றார் கண்ணாடிக்கடைக்காரர் மெல்ல, "நம்மளை நல்லா ஏமாத்தியிருக்காங்க."

"விடக்கூடாது சார். இனிமே நாம ஒரு கட்சி. நான் செய்யாததை நீங்க செய்யக் கூடாது. நீங்க செய்யாததை நான் தொடமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. வாங்க, போய்க் கேட்டுடலாம்."

வண்டி நிறுத்தும் இடத்துச் சண்டை அந்த நிமிஷமே தீர்ந்துபோனது. வீரர்கள் இருவரும் தோளில் குழந்தையோடு படியிறங்கி லிஃப்ட்காரர் வீட்டு மணியை அழுத்தினார்கள். ஒரு முறை. இரண்டு முறை. வெகுநேரம் கழித்து, கன்னத்தில் தலையணைத் தடத்தோடு மனைவி கதவைத் திறந்தாள். பின்னால் லிஃப்ட்காரரின் கட்டிலில் எதிர் வீட்டுக்காரம்மா கொட்டாவி விட்டுக்கொண்டே எழுந்து உட்கார்ந்தாள். தலைக்கு ஒரு தலையணை, காலுக்கு ஒரு தலையணை.

"எங்ககிட்டப் பொய் சொல்லியிருக்கீங்க!" என்று கர்ஜித்தார் லிஃப்ட்காரர், கிசுகிசுப்பாக.

"என்ன பொய்?"

"அவர் குளிப்பாட்டறார்னு!"

"அவர் குளிப்பாட்டலையா?"

"குளிப்பாட்டினார். ஆனா என்னைப் பார்த்துத்தான் குளிப்பாட்டினார்!"

"நீங்க குளிப்பாட்டலையா?"

"குளிப்பாட்டினேன்..."

"அப்போ ரெண்டுமே உண்மைதானே? இதுல பொய் எங்கே இருக்கு?"

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். பொய் எங்கேயோ இருந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை. கண்ணாடிக்கடைக்காரரைப் பார்த்தார். அவரும் மனசுக்குள் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

"எங்க ஆபீஸ்ல இப்படித்தாங்க," என்றாள் மனைவி, தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே. "சாமான் தர்றவங்க ரெண்டு பேரைக் கூப்பிடுவோம். ரெண்டு பேரையும் வேற வேற ரூம்ல உட்கார வெப்போம். அவர் இவ்வளவு குறைச்சுத் தர்றாராமேன்னு இவர்கிட்டச் சொல்வோம். இவர் குறைச்சதும் அவர்கிட்டப் போய்ச் சொல்வோம். ஆம்பிளையை ஆம்பிளையோட ஒப்பிடச் சொன்னது நீங்க. ஆளைச் சொன்னதும் நீங்க. நான் என்ன பண்ணேன்?"

"இனிமே அது நடக்காது," என்றார் லிஃப்ட்காரர், மகாராணியை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு. "நாங்க ரெண்டு பேரும் பேசி வெச்சுட்டோம். ரெண்டு பேருக்கும் இனிமே ஒரே விலைதான்!"

"ஒரே விலைதான்!" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"அடடா," என்றாள் மனைவி. "அவங்களும் சில சமயம் அப்படிச் சேர்ந்துக்குவாங்க."

"சேர்ந்துக்கிட்டா? அப்போ என்ன பண்ணுவீங்க?"

"மூணாவது ஆளைக் கூப்பிடுவோம்." அவள் எதிர் வீட்டுக்காரம்மா பக்கம் திரும்பினாள். "கீழ் வீட்டுக்குப் புதுசா ஒருத்தர் குடி வந்திருக்காராமே? கைக்குழந்தையோட? நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமாமாம்," என்றாள் எதிர் வீட்டுக்காரம்மா. "தங்கமான மனுஷராம்."

இரண்டு தகப்பன்மார்களும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். செய்துகொண்ட சத்தியத்தின் சூடு இன்னும் ஆறவில்லை. அப்புறம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"அவர் என்ன பண்றாராம்?"

குழந்தைக்கு நகம்கூட அவர்தான் வெட்டிவிடுகிறாராம். மறுநாள் வேலைக்குப் போகும்போது லிஃப்ட்காரர் கீழ் வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். கதவில் பெரிய பூட்டு. 'வீடு வாடகைக்கு விடப்படும்' என்ற பலகை தூசி படிந்து தொங்கியது. சந்தேகமாகத்தான் இருந்தது. ஆனால் பாருங்கள், பலகையைக் கழற்றக்கூட நேரமில்லாமல் அந்த மனுஷன் குழந்தையோடு அல்லாடிக்கொண்டிருந்தால்? எதற்கு வம்பு என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மறுபடி மாடியேறிப் போய், மகாராணிக்கு நகம் வெட்டிவிட்டு வந்தார்.